ஒரு காது பாக்கியிருக்கிறது

ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
சிம்பாங் ரெங்கம், ஜொகூர்.

கோபம் வந்தாலும் பாசம் போகாத என் உடன்பிறந்த அண்ணன் யுகேந்திரனுக்கு, உன் ஒரே தங்கை பிரவீனா பணிவோடு (இந்தச் சொல்லைப் பார்த்துச் சிரிக்காதே) எழுதுவது. இங்கு நான், உங்கள் வீட்டு மாப்பிள்ளை குணாளன், உன் மருமகள் கவிஷா, என் மாமனார், மாமியார், கோழிகள் எல்லாரும் சுகம். அங்கு நீயும் லோஷினி அண்ணியும் அம்மாவும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் தம்போயில் உன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினால் தெருமுனைக்குள் மூன்று கிளினிக். அதில் ஒன்று பூனை நாய்க்கு, அதுவும் இரவு பகல் திறந்திருப்பது. அங்கே இருப்பவர்களைப் பார்த்து நலமா என்று கேட்பது, குளத்து மீனைப் பார்த்துத் தாகமா என்று கேட்பது போல. ஆகவே அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்சப் இருக்கும் காலத்தில் ஏன் கடிதம் என்று நீ கேட்க முடியாது. நீதான் குடும்பக் குழுவை விட்டு வெளியேறினாய். அடுத்து என் எண்ணை பிளாக் செய்தாய், அதற்கடுத்து மாப்பிள்ளையின் எண்ணையும். என் மாமனார் ஐயாசாமியின் எண்ணை மட்டும் மரியாதைக்காக விட்டு வைத்திருக்கிறாய். ஆனால் அவர் குரல் பதிவு அனுப்பினால் முக்கால்வாசி இருமலும், மீதிக் கால்வாசி 'இது பதிவாகுதா இல்லையா'வும்தான் வரும். தபால்காரர் தோட்டத்துக்குள் வருவதில்லை. டவுனுக்குப் போகும் மில் கணக்கர் கிராணியிடம் கொடுத்துத்தான் இதைப் பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். இரண்டு வாரம் தாமதமாக எழுதுகிறேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்பதாங்கட்டையில் இரண்டு வாரத்துக்குள் ஒன்று நடந்துவிட்டால் அதற்குப் பெயர் விரைவுச் சேவை.

உன் கோபத்துக்குக் காரணம் ஃபேஸ்புக்கில் வந்த அந்தப் படம். கவிஷாவுக்குக் காது குத்துகிறார்கள். அவள் உட்கார்ந்திருப்பதோ தாய்மாமனான உன் மடியில் இல்லை, எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி.யின் மடியில். கீழே அவருடைய ஆட்கள் 'மழலைக்கு மாமன் ஆனார் மக்கள் பிரதிநிதி' என்று ஒரு வரி வேறு போட்டிருந்தார்கள். தோட்டத்துக்கு வரும் பாதி வழியில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய நீ அம்மாவிடம், "நான் உசுரோட இருக்கும்போதே என் மடிய வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டா பாரு" என்று சொன்னதாக அண்ணி மூலம் தகவல் வந்தது. நியாயமான கோபம். தாய்மாமன் மடி என்பது பதவி மாதிரி. ஆள் இருக்கும்போது இன்னொருவரை நியமிக்கக் கூடாது. ஆனால் ஏன் அப்படி ஆனது என்று முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

உன்னிடமும் அம்மாவிடமும் நாங்கள் மறைத்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பயப்படாதே, முடிவு நல்லதுதான். நல்லதாக இல்லாவிட்டால் நான் இப்படி வாயடித்துக்கொண்டு எழுதுவேனா? தை மாதம் பக்கத்து மலாய்க் கிராமத்தில் இருக்கும் கம்பத்து கிளினிக்கில் எடை பார்க்கப் போனபோது நர்ஸ் மிஸ்ஸி கவிஷாவின் நெஞ்சில் கருவியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிள்ளை பால் குடிக்கும்போது வேர்க்குதா என்று கேட்டார். வேர்க்கிறது, நான் வெயில் என்று நினைத்தேன் என்றேன். நெஞ்சில் ஏதோ கூடுதல் சத்தம் கேட்கிறது, டாக்டர் கேட்கட்டும் என்றார். அந்த கிளினிக்குக்கு டாக்டர் மாதத்தில் இரண்டு தடவை வருவார், ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஒரு தடவை. அவர் வந்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். என் நெஞ்சு அப்போது போட்ட சத்தத்தில் அவருக்குக் குழந்தையின் சத்தம் எப்படிக் கேட்டதோ. கேட்டுவிட்டு, இதயத்தை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று மேலே எழுதிவிட்டார். பிள்ளைகளின் இதயத்தைப் பார்க்கும் டாக்டர் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எப்போதாவது ஒரு முறை வருவார். அந்த எப்போதாவதுக்கு எங்களுக்குக் கிடைத்த தேதி, தீபாவளிக்குப் பிறகு. அண்ணே, நாங்கள் பொங்கல் பானையையே இன்னும் கழுவிக் கவிழ்க்கவில்லை. முறுக்குக்கு ஆர்டர் எடுப்பவர்கள்கூட அவ்வளவு முன்னால் தேதி கொடுக்க மாட்டார்கள்.

தனியாருக்குப் போயிருக்கலாமே என்பாய். போனோம். முன்பணம் எவ்வளவு என்று கவுண்டரில் இருந்த பெண் புன்னகையோடு சொன்னாள். நானும் குணாளனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பார்க்கிங் கட்டணத்தை மட்டும் செலுத்திவிட்டுத் திரும்பினோம். உன்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய், தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் பிரஷர் ஏறும், அப்புறம் பேத்திக்கும் பாட்டிக்கும் சேர்த்து வரிசை பிடிக்க வேண்டும். அதனால் மறைத்தோம். தினமும் அவள் தூங்கிய பிறகு நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன். கேட்டு எனக்கு என்ன தெரியும்? கல்லூரியில் நான் படித்தது மனிதவள மேலாண்மை. மனிதரும் குறைவு, வளமும் குறைவு, மேலாண்மை அறவே இல்லை என்கிற இடத்தில் வந்து வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

என் பயம் தேதி மட்டும் இல்லை, தூரமும்தான். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டுச் சின்னத்தம்பி அண்ணனைப் போன வருஷம் குளவி கொட்டி முகம் பலாப்பழமாக வீங்கியபோது ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம். ஓட்டுநர் பாவம், நல்ல மனிதர், அடையாளம் கேட்டார். செம்பனை மரத்தைத் தாண்டி வாருங்கள் என்று மாமனார் சொன்னார். எந்தச் செம்பனை மரம் என்று அவர் கேட்டார். இங்கே இருப்பதே அது மட்டும்தான். ஒருவழியாக அவர் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது குறுக்குக் கம்பம் பூட்டியிருந்தது, காவலர் சாப்பிடப் போயிருந்தார், சாவியும் அவரோடு சாப்பிடப் போயிருந்தது. கடைசியில் சின்னத்தம்பி அண்ணனைச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் குலைகளோடு குலையாகப் படுக்க வைத்து அனுப்பினோம். லாரி டிரைவர் பதற்றத்தில், பழகிய தோஷம், நேராக எண்ணெய் மில்லுக்கு ஓட்டிப்போய் எடை மேடையில் நிறுத்திவிட்டான். எடை போட்ட பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் அவரைக் கண்டால் மில் பையன்கள் "அண்ணே, பழுத்தாச்சா" என்கிறார்கள். நானும் சிரித்தேன், கவிஷாவின் நெஞ்சில் சத்தம் கேட்கும் வரைக்கும்.

இனி ஒய்.பி. கதைக்கு வருகிறேன். மாசி மாதம் அவர் எங்கள் தோட்டத்துப் பூப்பந்துத் திடலைத் திறந்துவைக்க வந்தார். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, எவரும் போன் செய்யாமல், எவரும் மரத்தை அடையாளம் சொல்லாமல், வெள்ளை வெளேரென்று ஓர் ஆம்புலன்ஸ் உள்ளே வந்து நிழலில் நின்றது. உள்ளே டாக்டர், இரண்டு மிஸ்ஸி, ஆக்சிஜன் உருளை. கூட்டம் முடியும்வரை சும்மா இருந்து, மீகூன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பெரிய மனிதர் வந்தால் அது கூடவே வர வேண்டும், அது விதியாம். என் மாமியார் சந்திரமதி தேரைத் தொடுவது போல அந்த வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று மாலை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "ஏம்மா பிரவீனா, நமக்கு நோவு வந்தா இந்த வண்டி வராது. ஒய்.பி. வந்தா வருது. அப்போ நாம வண்டியக் கூப்பிடணுமா, ஒய்.பி.யக் கூப்பிடணுமா?" பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றாதது ஆறாம் வகுப்போடு நிறுத்திய அவருக்குத் தோன்றியது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. எனக்கும் தோன்றியது; சொல்ல வெட்கமாக இருந்தது, அவருக்கு இல்லை.

ஒய்.பி. கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் வருவார், தமிழில் 'வணக்கம்', 'சாப்பிட்டாச்சா' இரண்டும் சுத்தமாகச் சொல்வார். ஒரு முறை டவுனில் ரத்ததான முகாமை அவர்தான் திறந்துவைத்தார், நானும் மாமியாரும் போயிருந்தோம். ரிப்பனை வெட்டினார், ஊசிகளை அடுக்கி வைத்திருந்த மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார், உடனே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வேறு வேலை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆக, கவிஷாவின் காதுகுத்தையும் கோயில் மடைப்பள்ளிக்குப் புதிதாகப் போட்ட தகரக் கூரையின் திறப்பு விழாவையும் ஒரே நாளில் வைத்தோம். தகரக் கூரைக்குத் திறப்பு விழாவா என்று குணாளன் கேட்டார். கூரையை எப்படித் திறப்பது, மழை வருமே என்றும் கேட்டார். அவர் மில்லில் கொதிகலன் பார்ப்பவர், எல்லாவற்றிலும் ஒழுங்கு வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று ஒய்.பி.யின் பி.ஏ. போனில் கேட்டபோது, கோயில் தலைவரான மாமனார் கூசாமல் ஐந்நூறு என்றார். கோழிகளையும் கணக்கில் சேர்த்திருப்பார். திட்டம் இவ்வளவுதான்: வண்டியோடு டாக்டர் வருவார், பிள்ளையை அவரிடம் காட்டுவது. உன்னிடம் சொன்னேனே, ஞாயிறு காலை, இரவு ஷிப்ட் முடிந்ததும் சிங்கப்பூரிலிருந்து நேராக வந்துவிடு என்று; நீயும் தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாவற்றையும் முதல் நாளே அண்ணி மூலம் அனுப்பிவிட்டாய், பயணம் ஒத்துக்கொள்ளாத அம்மாவுக்குத் துணையாக அண்ணி அன்றே திரும்பிவிட்டார். மடிக்கு உரியவன் வருவான் என்று சத்தியமாக நம்பித்தான் பந்தல் போட்டோம்.

அன்று காலை ஆம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. குறுக்குக் கம்பம் திறந்திருந்தது. காவலர் காக்கியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சல்யூட்டே அடித்தார். வண்டியிலிருந்து இறங்கியது நம்மைவிடச் சின்னப் பெண், டாக்டர் நாஸியா, பெக்கான் நானாஸ் ஊர்க்காரி, அப்பா அங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாராம். தமிழில் பேசினாள், எனக்குப் பாதி உயிர் வந்தது. பந்தலுக்குப் பின்னால் வைத்துக் கவிஷாவின் நெஞ்சைக் கேட்டாள். சிரித்த முகம் மெல்ல மெல்லச் சிரிப்பை நிறுத்தியது. மீதிப் பாதி உயிர் போய்விட்டது.

"அக்கா, மறைக்க விரும்பல. இத தீபாவளி வரைக்கும் விட்டு வைக்கக் கூடாது. ஸ்கேன் பண்ணாத்தான் தெரியும், எங்கிட்ட இங்க அது இல்ல."

"அப்போ இந்த வண்டியிலயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க டாக்டர்."

"நான் இன்னைக்கு ஒய்.பி. டூட்டிலா. நானும் கடுதாசி எழுதித் தரேன், ஆனா அதுவும் அதே வரிசைக்குத்தான் போகும். இந்த இடத்துல யாராச்சும் மயங்கி விழுந்தாத்தான் வண்டிய எடுக்க முடியும்."

அவள் வருத்தத்தோடுதான் சொன்னாள். ஆனால் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் மாமனாரைப் பார்த்தார். மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார், பார்ப்பதற்கு வேறு ஆள் இல்லாததால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தார்.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவர் மயங்குவது, ஏற்றும்போது இருவரையும் சேர்த்து ஏற்றுவது என்று முடிவாயிற்று. ஒய்.பி. வந்தார், மாலை போட்டோம், பேசத் தொடங்கினார். நெடுஞ்சாலை, இணைய வேகம், அன்னாசிப்பழ ஏற்றுமதி என்று போய்க்கொண்டிருந்தபோது மாமனார் முன்வரிசையில் மிகத் திறமையாகத் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, கையைத் தொங்கவிட்டு மயங்கினார். ஒருவரும் அசையவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தார்கள், பேச்சு அப்படி. பக்கத்தில் இருந்தவர் இரக்கப்பட்டு அவர் தலைக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். கோயில் கூட்டங்களில் அவரை வருஷக்கணக்காகப் பார்த்த மாமியாருக்கே சந்தேகம் வந்துவிட்டது, "நெசமாவே தூங்கிட்டாரோ" என்று என்னைக் கேட்டார். அதற்குள் கவிஷா தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுக்க, மயங்கிக் கிடந்தவர் தும்மினார். ஒய்.பி. பேச்சை நிறுத்திவிட்டு, நலமாக இருங்கள் என்று மலாயில் வாழ்த்தினார்.

அந்த நேரத்தில்தான் சிங்கப்பூர் எல்லையிலிருந்து உன் செய்தி வந்தது: 'பாலத்துல ஜாம். பள்ளி விடுமுறை. ஒரு அடி நகரல.' பூசாரி குறித்துக் கொடுத்த நேரம் முடியப் போகிறது. ஒய்.பி.யின் பி.ஏ. அடுத்த நிகழ்ச்சி என்று கடிகாரத்தைத் தட்டுகிறார். ஒய்.பி. போனால் வண்டி போகும், வண்டி போனால் தீபாவளி. நான் ஆசாரி காளிதாசிடம் போய், கொஞ்சம் தாமதிக்க முடியுமா என்று கேட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தேன், வேறொன்றுமில்லை. அதற்குள் மைக் பிடித்திருந்தவர் என் காதருகே குனிந்து, தாய்மாமன் வரவில்லையென்றால் ஒய்.பி.யை உட்கார வைக்கலாமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். நம் ஆட்கள் தலையாட்டினால் அது ஆமாவா இல்லையா என்று ஆட்டியவருக்கே பிறகுதான் தெரிகிறது. மைக்கில் அறிவிப்பு வந்துவிட்டது. ஒய்.பி. பாவம், பெருமையாக வந்து மணைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதற்கு உட்கார்கிறோம் என்பது அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. பெயர் வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

ஆசாரி பெட்டியைத் திறந்தார். திறந்து, நெல் மூட்டை தைக்கிற சாக்கு ஊசி போல ஒன்றை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டி, ஒய்.பி.யின் கண்ணுக்கு நேராக நீட்டி ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஊசி அந்தப் பெட்டியில் ஏன் இருந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குத்தியது என்னவோ முடி போன்ற தங்கக் கம்பியால்தான், பெரியதை அவர் அப்படியே உள்ளே வைத்துவிட்டார். நீ பார்த்த படம் அந்த நொடியில் எடுத்தது. ஒய்.பி. புன்னகைக்கிறார் என்று நினைத்தாய் இல்லையா? பெரிதாக்கிப் பார். அது புன்னகை இல்லை.

வலது காதில் கம்பி இறங்கியது, கடுகளவு ரத்தம், கவிஷா வீறிட்டாள். ஒய்.பி. ஐயோ என்கிற குரலில் மெதுவாக "அலமாக்" என்றார். பிறகு வெட்டிய செம்பனை சாய்வது போல, அவசரமே இல்லாமல், வலது பக்கமாகச் சாய்ந்தார். ஒன்று சொல்கிறேன் அண்ணே, அதற்காகவே அந்த மனிதரை நான் என்றைக்கும் மதிப்பேன்: சாயும்போதுகூடப் பிள்ளையை விடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே மயங்கினார். பிரிக்கப் பார்த்தார்கள், விரல் விடவில்லை. நாஸியா ஓடி வந்து அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மிகவும் கண்டிப்பான குரலில், "பிரிக்க வேண்டாம். ரெண்டு பேரையும் சேத்து ஏத்துங்க. அம்மாவும் ஏறட்டும்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, ஒன்பதாங்கட்டையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சாலை இருக்கிறது என்பது. முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள், பின்னால் பி.ஏ.யின் கார், லாரிகள் ஒதுங்குகின்றன, எவரும் எந்த மரம் என்று கேட்கவில்லை. டோல் தாண்டும் முன்னே ஒய்.பி. கண் விழித்துத் தண்ணீர் கேட்டார், கொடுத்தோம், ஊசி போய்விட்டதா என்று கேட்டார், போய்விட்டது என்றேன், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக்கோட்டுகள் வரிசையாக நின்றன. ஒய்.பி.க்கு ஒன்றுமில்லை, மைலோ போதும் என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் பி.ஏ.வுக்கு வேறு கவலை: ஒய்.பி. மடியில் இருந்த பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாளை பேப்பரில் என்ன வரும்? தலை முதல் கால் வரை பார்த்து நல்லாயிருக்கிறது என்று சொல்லுங்கள் என்று அவர் பிடித்துக்கொண்டார். நாஸியா, நெஞ்சில் சத்தம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை போட்டாள். தீபாவளிக்குப் பிறகு வர வேண்டிய இதய டாக்டர், கேன்டீனிலிருந்து வந்தார். கையில் பாதி கறிபாப்.

ஸ்கேன் அறைக்கு வெளியே நாற்காலியில் ஒரு பெண், மடியில் இரண்டு வயது மகள், பிள்ளையின் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. தாயின் பெயர் ஷப்னம், அன்னாசித் தோட்டப் பக்கம் உள்ளே எங்கேயோ வீடு. மூச்சு வாங்குகிறது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையிலேயே இரண்டு பஸ் மாறி வந்தவளாம். ஸ்கேன் தேதி ஐப்பசியில்தான், அப்போது வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்; மாலைவரை யாராவது பார்ப்பார்களா என்று உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் அவளைத் தாண்டி உள்ளே போனோம். அவள் காலை மடக்கி வழிவிட்டாள், வேறொன்றும் செய்யவில்லை. அண்ணே, நான் நல்லவள் என்று சொல்லவில்லை, அந்தக் கதவுக்குள் போகும்போது என் பிள்ளையைத்தான் நினைத்தேன். ஆனால் உள்ளே போன பிறகு திரும்பித் திரும்பி அந்தக் கதவையே பார்த்தேன். வெளியே வந்து பி.ஏ.விடம் சொன்னேன், "சார், அந்தப் பிள்ளையும் ஒய்.பி. மடியிலதான் இருந்திச்சு." அவர் பந்தலில் யாரையும் சரியாகப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் கை வைத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் இருந்தன என்று கேட்டார். இப்போதைக்கு இது ஒன்றுதான் என்றேன். ஷப்னத்தைக் கூப்பிட்டார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒய்.பி.யின் மடி எவ்வளவு அகலம் என்று மட்டும் அன்று தெரிந்தது.

கவிஷாவுக்குச் சின்ன ஓட்டை. தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு அதிகம், மருந்து கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் சொல்கிற நாளில் தவறாமல் போய்க் காட்ட வேண்டும். மூடாவிட்டால் அதற்கும் வழி இருக்கிறதாம். சீக்கிரம் வந்தது நல்லது என்று டாக்டர் சொன்னார். எப்படி வந்தோம் என்று அவர் கேட்கவில்லை. ஷப்னத்தின் மகளை அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவி வந்தேன்.

வந்தால் ஒய்.பி. கட்டிலில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை எப்படி என்று மலாயில் கேட்டார், சொன்னேன். தீபாவளித் தேதியையும் சொன்னேன். குடிப்பதை நிறுத்திவிட்டு, அப்படியானால் உங்கள் தோட்டத்தில் மற்றவர்கள் எப்படி வருகிறார்கள் என்று கேட்டார். குலை லாரியில், முதலில் எடை போட்டுவிட்டு, என்றேன். சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மைலோ ஆறிப் போகும்வரை கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். கம்பத்து கிளினிக்குக்கு டாக்டர் இனி வாரம் ஒரு முறை வர ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். போன வாரம் வந்தார். இந்த வாரமும் வருவாரா என்று பார்க்கிறோம், ஆற்றில் தண்ணீர் ஏறவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதில் எதுவும் நான் திட்டமிட்டதில்லை, பாலத்து ஜாமும் ஒய்.பி.யின் பலவீனமும் மாரியம்மன் செயல். இனிமேல் இப்படி எந்தத் தந்திரத்துக்கும் போக மாட்டேன் என்று குணாளன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சொல்லியிருக்கிறேன். உன் மடியின் உரிமையை எவரும் பறிக்கவில்லை, அவசரத்துக்கு இரவல் கொடுத்தோம். ஒய்.பி. சாய்ந்துவிட்டதால் வலது காது மட்டும்தான் முடிந்தது. நீ வாங்கிய தோட்டில் ஒன்று மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் இருக்கிறது. உன் மருமகள் ஒற்றைத் தோட்டோடு அந்தக் கால ரௌடி மாதிரி தவழ்ந்துகொண்டிருக்கிறாள். இடது காது முழுக்க உனக்குத்தான், வந்து உட்கார். அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே, ஓட்டையைப் பற்றிச் சொல்லாதே, நான் நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். அண்ணிக்கு என் அன்பு. உனக்கு நீண்ட ஆயுளும், பாலத்தில் ஜாம் இல்லாத காலைகளும், எங்களுக்கு உன் பிளாக்கிலிருந்து விடுதலையும் கிடைக்க அம்மன் அருள் புரியட்டும்.

என்றும் உன் காலடியில் (தூரமாக) இருக்கும் தங்கை,
பிரவீனா

பி.கு.: அடுத்த ஞாயிறு காலை இடது காது. போன முறை நான் கேட்டுக்கொண்டபடி சாக்கு ஊசியையெல்லாம் எடுத்துக் கண்ணுக்கு நேராக நீட்டிக் காட்ட வேண்டாம், இந்த முறை உட்காரப் போவது என் சொந்த அண்ணன் என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். நீ பயப்படாமல் வா. வரும்போது வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அண்ணியின் தம்பி கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த அந்தப் பெரிய கறுப்புக் காரில் வந்தால் நன்றாக இருக்கும். சின்னத்தம்பி அண்ணன் மனைவிக்குப் பத்து நாளாக மூச்சு வாங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்று மாமனார் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டார்.